வலி என்னும் காவற்காரன்

(மருத்துவப் பாடம்: விளையாட்டுக் காயங்களும் அவற்றைத் தடுக்கும் வழிகளும்)



உங்கள் சபைகளில் வாலிபர் ஐக்கிய விளையாட்டுப் போட்டிகளும், விடுமுறை வேதாகமப் பள்ளியின் ஓட்டப் பந்தயங்களும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. எங்கள் பனமரத்துப்பட்டிப் பகுதியிலும் அப்படியே. இங்கே விளையாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. காவலர் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டால், அரளிப் பூ பறித்துக் கொண்டிருந்த பிள்ளையும், வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்த பிள்ளையும் மறுநாள் விடியற்காலையிலேயே தார் ரோட்டில் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் தவறிவிட்டால் எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் கைகொடுக்காது. ஆகவே ஒரு குடும்பத்தின் வருங்காலம் அந்தப் பிள்ளையின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

இப்படிப்பட்ட பிள்ளைகள் மருத்துவரிடம் வந்து முதலாவது கேட்பது, "வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி போடுங்கள்" என்பதே. அந்த வேண்டுகோள் ஏன் ஆபத்தானது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

இங்கிருந்து ராசிபுரம் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது கொல்லிமலை. அங்கே 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் மிஷனெரித் தம்பதியருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பது வயது வரை மலைப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்தார். படிப்புக்காக இங்கிலாந்து சென்றபின், மருத்துவத்துக்குப் போவதற்கு முன்பாகவே, கட்டிட வேலை கற்றார். தச்சு வேலையும் கொத்து வேலையும் அவர் கைக்குப் பழக்கமாயின. எந்த உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மூட்டு எங்கே பிளக்கும் என்று பார்க்கும் கண் அவருக்கு அங்கே கிடைத்தது. பிற்காலத்தில் மனித எலும்பையும் தோலையும் அதே கண்ணால் பார்த்தார்.

1946-ல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் கை மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாரை இடம் மாற்றி வைத்து, விரல்களை மறுபடியும் வேலை செய்ய வைத்த அறுவை சிகிச்சைகளால் அவர் பெயர் உலகமெங்கும் பரவியது. அதைப்போலவே பெரிய இன்னொரு பணி பாதத்தைப் பற்றியது. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

வலியில்லாத பாதம் சொன்ன உண்மை

தொழுநோயாளரின் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே அந்நாட்களில் மக்கள் மட்டுமல்ல, மருத்துவர்களில் பலரும் எண்ணியிருந்தார்கள். பிராண்டும் அவருடைய உடன் ஊழியர்களும் புண்களை ஒவ்வொன்றாகக் கவனித்தபோது வேறொரு உண்மை தெரிந்தது. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தையும் கூர்மையான ஆணியையும் நோயாளி விலக்குவதில்லை. சதை கெடுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பாதத்தின் அடியில் வந்த புண்களுக்கு ஆணியும் இல்லை, நெருப்பும் இல்லை. வெறுமனே நடந்ததாலேயே அவை வந்தன. எப்படி? நம்மில் எவரும் ஒரே விதமாக நெடுந்தூரம் நடப்பதில்லை. முன்பாதம் சற்றுக் காந்தினால் நாம் அறியாமலே பாரத்தைக் குதிகாலுக்கு மாற்றுகிறோம். வலது கால் களைத்தால் இடது காலில் ஊன்றுகிறோம். காலணி கடித்தால் நொண்டுகிறோம். உணர்ச்சியற்ற பாதம் உள்ளவரோ முதல் அடியை எப்படி வைத்தாரோ அப்படியே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார். ஒரே இடம் திரும்பத் திரும்ப அடிபட்டுப் புண்ணாகிறது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின் இதைச் சோதனை செய்து பார்த்தார். எலிகளின் உள்ளங்கால்களை இயந்திரத்தால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முறை மெதுவாக அழுத்தினார்கள். ஒரு முறை அழுத்தினால் ஒன்றும் ஆகாத அளவுதான் அது. சில நாட்களில் பாதம் சிவந்து வீங்கியது. மேலும் தொடர்ந்தபோது புண்ணாகிவிட்டது. பிறகு அழுத்தும் எண்ணிக்கையைக் குறைத்து, வாரத்தில் ஓய்வு நாட்களும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாதங்களோ புண்ணாகவில்லை, தோல் தடித்துப் பலப்பட்டது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அளவோடு ஓய்வும் சேர்ந்தால் உடம்பைப் பலப்படுத்துகிற அதே வேலை, ஓய்வில்லாவிட்டால் உடம்பை உடைத்துப்போடுகிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு அடிப்படையான விதியும் இதுவே. தொழுநோயாளரின் காலைக் காப்பாற்றக் கண்டுபிடித்தது, ஓட்டக்காரரின் காலுக்கும் பொருந்துகிறது.

ஓடும் காலின் கணக்கு

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை, நம் உடல் எடையைக் காட்டிலும் சற்றே அதிகம். ஓடும்போது அது எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. 60 கிலோ எடையுள்ள ஒரு வாலிபனுக்கு இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஓர் அடிக்கு 150 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஐயாயிரம் அடி, அதாவது ஒரு காலுக்கு 2,500 அடி. பெருக்கிப் பார்த்தால் ஒரு காலைப்பொழுதில் ஒரு கால் தாங்கியது மொத்தம் 375 டன்! பத்து டன் லாரியில் ஏற்றினால் முப்பத்தேழு லோடுக்கும் மேல்.

இத்தனை பாரமும் எலும்பில் நேராக இறங்குவதில்லை. தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் லாரியின் ஸ்பிரிங் போல முதலில் அதை வாங்கிக் கொள்கின்றன. நாமக்கல் பட்டறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த வண்டி அதே ரோட்டில், அதே லோடோடு ஓடினாலும் சேஸிஸில் விரிசல் விடும் என்பார்கள். களைத்துப்போன தசையும் அப்படித்தான். அது வாங்காத அதிர்ச்சி எலும்புக்குப் போகிறது. அதனால்தான், "இன்னும் இரண்டு ரவுண்டு" என்று களைப்போடு ஓடும் கடைசி ரவுண்டுகள் முதல் ரவுண்டுகளைவிட ஆபத்தானவை.

எலும்பு தன்னைத் தானே பழுதுபார்க்கும் விதம்

எலும்பை நாம் உயிரில்லாத கம்பு போல எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள பொருள். புதிய பாரம் வரும்போது, அந்த இடத்திலுள்ள பழைய எலும்பைச் சில அணுக்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. பின்பு வேறு அணுக்கள் வந்து அங்கே பலமான புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும். இட்டு நிரப்பவோ மாதங்கள் ஆகின்றன. பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்ற நிலை இது. திடீரென்று பயிற்சி தொடங்கியவருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு முன்னைவிட மெலிந்திருப்பது இதனால்தான். ஆனால் அந்த வாரங்களில்தான் மூச்சு பழகிவிடுகிறது. உற்சாகம் பெருகி, பையன் ஓட்டத்தைக் கூட்டுகிறான். எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது.

இந்த நோய் புதிதல்ல. 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் காரணமின்றி வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-ல்தான், அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இந்த விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆகையால், "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஓடலாம்" என்று முடிவு செய்யக்கூடாது. முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா, ஓட ஓட வலி கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலான விரிசல்கள் சில வாரங்களில் கூடிவிடும். வலியை ஊசியால் அடக்கிவிட்டு ஓடினால் விரிசல் முழு முறிவாகும். அப்போது அந்த ஆண்டின் தேர்வும் போயிற்று, சில வேளை காலும் போயிற்று.

வேகப்பந்து வீச்சாளரின் முதுகும் முழங்காலும்

ஓட்டக்காரருக்குக் கால் எப்படியோ, வேகப்பந்து வீசுகிறவருக்கு முதுகும் அப்படியே. பந்தை விடுகிற நொடியில் அவர் முன்னங்காலை ஊன்றும்போது, உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் இறங்கக்கூடும். அதே நேரத்தில் முதுகு பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பி, பின் வளைகிறது.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் இப்படித்தான் முதுகெலும்பில் விரிசல் கண்டு விழுந்தார். அவர் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அவரோ மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி நிபுணர்களின் துணையோடு பொறுமையாகத் தசைகளைப் பலப்படுத்தி, 1974-ன் இறுதியில் மீண்டும் டெஸ்ட் போட்டிக்கு வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1980-களில் இளம் பந்துவீச்சாளர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். காலும் இடுப்பும் ஒரு திசையைப் பார்க்க, தோள்கள் வேறு திசைக்கு முறுக்கிக்கொள்ளும் கலப்பு முறையில் வீசுகிறவர்களுக்கு முதுகு விரிசல் அதிகம் என்று கண்டார்கள். அளவுக்கு மீறிப் பந்து வீசுகிறவர்களுக்கும் அப்படியே. இதனால் ஆஸ்திரேலியாவில் சிறுவர்கள் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு உண்டு. லில்லி 1987-ல் தொடங்கிச் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்தில் 2012 வரை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

நம் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் பிறந்த த. நடராஜனை எல்லாரும் அறிவீர்கள். 2015-ல் ரஞ்சிப் போட்டிக்கு வந்த காலத்தில் அவர் கை வீசும் முறையைக் குறித்துச் சந்தேகம் எழும்பியது. அவர் சோர்ந்து விடாமல், பழகிப்போன அசைவை முதலிலிருந்து திருத்திக் கற்றுக்கொண்டார். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலிய மண்ணில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். ஆனால் 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஓய்வெடுத்து, பயிற்சி செய்து, 2022-ல் மீண்டும் ஐ.பி.எல். ஆட்டங்களில் பந்து வீசினார். பழகிவிட்ட அசைவையும் மாற்ற முடியும், ஓய்வு என்பது தோல்வி அல்ல என்ற இரண்டு பாடங்களை அவரிடம் நம் பிள்ளைகள் கற்கலாம். அவருக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் பக்கத்தில் இருந்தார்கள். புளியமரத்தடியில் நாள் முழுதும் பந்து வீசுகிற பதினான்கு வயதுப் பையனுக்கு அவர்கள் இல்லை. அவனுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

கபடி முழங்கால்

கபடியில் பாடிப் போகிறவர் வேகமாக ஓடி, சட்டென்று நின்று, ஒரு காலை ஊன்றித் திரும்புகிறார். அந்த நொடியில் எவரும் தொடாமலே முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கிவிடும். முழங்காலைக் கட்டிப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்திருக்கக்கூடும். வலி அடங்கிப் பையன் நடக்கத் தொடங்கியதும், "சரியாகிவிட்டது" என்று மறுபடி களத்தில் இறங்குகிறான். பிடிமானமில்லாத முழங்கால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளிருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு கிழிகிறது. முப்பது வயதில் அறுபது வயது முழங்கால்!

இக்காயம் பெரும்பாலும் முழங்காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றும்போதும், முழங்கால் உட்பக்கமாகச் சாயும்போதும் நேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். குதித்து இறங்கும்போது சத்தமில்லாமல், முழங்காலை மடக்கி, முழங்கால் பாதத்தின் விரல்களுக்கு நேராக இருக்கும்படி இறங்கப் பழக்குவதே இதற்குத் தடுப்பு. உலகக் கால்பந்து சம்மேளனம் இருபது நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு ஆயத்தப் பயிற்சியை வகுத்திருக்கிறது. மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், தொடைக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சி, சரியாகக் குதித்து இறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்து வீராங்கனைகளிடம் இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்பயிற்சி செய்த குழுக்களில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதற்கு மெத்தையும் இயந்திரமும் தேவையில்லை. மைதானமும் இருபது நிமிடமும் போதும்.

காயம் முடிவல்ல

எல்லாக் காயத்தையும் தடுத்துவிட முடியாது. ஓமலூர் வட்டாரத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. அவர் 2016-ல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024-ல் பாரீஸில் வெண்கலமும் பெற்றார். இருக்கிற பலத்தை எங்கே ஊன்றுவது, எப்படி எழும்புவது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. தேர்வு அறிவிப்புக்காகக் காத்திராமல் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதிருப்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கைக்கணக்கு.

2. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். தார் ரோட்டைவிட மண் தரை நல்லது. தேய்ந்துபோன ஷூவை மாற்ற வேண்டும்.

3. சுளுக்கிய இடத்தில் முதல் இரண்டு மூன்று நாட்கள் எண்ணெய் தேய்த்து உருவக்கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயரமாக வைக்க வேண்டும்.

4. அடிபட்டவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், எலும்பு கோணியிருந்தாலும், முழங்கால் உடனே வீங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டினால் விரல்கள் சில்லிட்டு, நீலம் பாரித்து, மரத்துப்போனால் கட்டை உடனே தளர்த்தி அழைத்து வர வேண்டும். ஓர் இரவு தாமதமும் காலை இழக்கச் செய்யும்.

5. பந்து வீசும் பையனுக்கு இடுப்புக்கு மேல் முதுகில் ஒரு பக்கமாக வலி இரண்டு வாரம் நீடித்தால், அவனை ஆடவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

6. போட்டி நாளில் ஆடுவதற்காக மட்டும் வலி மறக்கும் ஊசி போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

இந்த ஆறாவது குறிப்புக்கே இப்பாடத்தை எழுதினோம். வலி ஒரு காவற்காரன். இரவில் அவன் தட்டினால் எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குகிறவன் வீடு கொள்ளை போகும். டாக்டர் பிராண்ட் தம் வாழ்நாள் முழுவதும், வலி இல்லாததால் கையையும் காலையும் இழந்தவர்களோடு இருந்தார். 1993-ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைக் குறித்தே ஒரு நூல் எழுதினார். வலியை அவர் தேவன் தந்த ஈவு என்றே கருதினார். 2003-ல் அவர் மறைந்தார். வலி உணராத தம்முடைய நோயாளிகளுக்கு எப்படியாவது செயற்கையாக ஒரு வலியைச் செய்து தர முடியுமா என்று பல ஆண்டுகள் கருவிகளோடு முயன்றும் அவரால் கூடவில்லை. அவ்வளவு பாடுபட்டும் செய்ய முடியாத ஒன்றை நம் பிள்ளைகள் இலவசமாகப் பெற்றிருக்கிறார்கள். அதை ஓர் ஊசிக்கு விற்றுப் போடலாமா?

வாலிபர் ஐக்கியத்தில் கலந்துரையாட

1. நம் சபை விளையாட்டுப் போட்டிக்கு எத்தனை நாள் முன்பாகப் பிள்ளைகள் பயிற்சி தொடங்குகிறார்கள்? அது போதுமா?

2. வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைப் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்கிறோமா? அப்படிச் செய்தால் அடுத்த முறை அவன் சொல்வானா?

3. காவலர், ராணுவத் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்? அவர்களில் நல்ல ஷூ இல்லாதவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்து, அதற்கு ஆவன செய்தால், ஓர் எலும்பு முறிவுக்குப் பின் செய்யும் உதவியைக் காட்டிலும் அது பெரிய உதவியாக இருக்கும்.